சர்வே ரிப்போர்ட் போட்டுப் பெயர் வாங்கலாமா?

மடிப்பாக்கம் மணி:
பில், வசூல் இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் விற்கும் ஒரு சென்னைக் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். எங்களிடம் வாங்குபவர்கள் கோவை, ஓசூர், திருப்பூர் பக்கத்துச் சிறு யூனிட்டுகள். கூகுள் விளம்பரத்துக்குக் கொட்டும் காசில் கொஞ்சம் எடுத்து, பெரிய கம்பெனிகள் சிறு தொழில்களுக்கு எத்தனை நாளில் பணம் தருகின்றன என்று வருஷா வருஷம் ஓர் ஆய்வு நடத்தி வெளியிடலாம் என்பது என் யோசனை. 2006-ம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, ஒப்பந்தமே இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் லேத் பட்டறைக்காரரிடம் கேட்டால் 90 நாள், 120 நாள் என்கிறார். இந்த விஷயத்தை ஆதாரத்தோடு பேசும் கம்பெனி என்று பெயர் எடுத்துவிட்டால் அதைவிடப் பெரிய விளம்பரம் எது? தாட் லீடர்ஷிப் என்றால் எனக்கு இதுதான். எதிர்க்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஃபீல்டு சாந்தி:
இருக்கிறது மணி சார், நிறையவே இருக்கிறது. ஒரு சர்வே ஏஜென்சியில் இந்த மாதிரி வேலைகளை நடத்திக் கொடுத்தவள் நான். முதல் மீட்டிங்குக்கே கிளையன்ட் ஹெட்லைனை எழுதிக்கொண்டு வந்துவிடுவார், அதற்குத் தோதான சதவீதத்தைத் தேடித் தருவதுதான் எங்கள் வேலை. ஒரு கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது: "ஆட்டோமேஷன் உங்கள் குழுவின் நேரத்தை எந்த அளவுக்கு மிச்சப்படுத்தியது?" பதில்கள்: மிக அதிகம், அதிகம், ஓரளவு. அவ்வளவுதான். மிச்சமே ஆகவில்லை என்று நினைப்பவருக்கு டிக் அடிக்கக் கட்டமே கிடையாது. ரிப்போர்ட்டில் "பங்கேற்ற அனைவரும் பலன் கண்டனர்" என்று வந்தது. பேனலில், அதாவது சர்வேக்குப் பதில் சொல்லவே பெயர் கொடுத்து வைத்திருப்பவர்கள் பட்டியலில், பதில் போட வருபவர்களில் பலர் பரிசுப் புள்ளிக்காக வருகிறார்கள். நிதித் தலைவர் என்று பதிவு செய்திருப்பார், முப்பது கேள்வியை இரண்டு நிமிஷத்தில் முடித்திருப்பார், மேலிருந்து கீழ்வரை மூன்றாவது கட்டத்திலேயே டிக் இருக்கும்.

இங்கிலாந்தில் 2005-ல் ஸ்கை டிராவல் என்ற சுற்றுலா சானல், ஜனவரியில் ஒரு திங்கள்கிழமைதான் வருஷத்திலேயே சோகமான நாள் என்று ஒரு சமன்பாட்டோடு பிரஸ் ரிலீஸ் விட்டது. விடுமுறைப் பயணம் விற்க வேண்டும், அதற்காகத்தான். வானிலை, கடன், ஊக்கம் என்று ஒரே அளவுகோலில் அளக்கவே முடியாதவற்றைக் கூட்டிப் பெருக்கிய சமன்பாடு. இன்றைக்கும் ஜனவரி பிறந்தால் பத்திரிகைகள் அதை எழுதிக்கொண்டிருக்கின்றன. பொய் ஒரு தடவை வெளியே போய்விட்டால் அதை யாராலும் திரும்பக் கூப்பிட முடியாது.

மடிப்பாக்கம் மணி:
கெட்ட உதாரணங்களை வைத்தே முடிவு செய்தால் எப்படி? பேக்பிளேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் பேக்கப் விற்கும் அமெரிக்கக் கம்பெனி. தங்கள் டேட்டா சென்டரில் ஓடும் ஹார்ட் டிஸ்க்குகளில் எந்த மாடல் எவ்வளவு பழுதாகிறது என்று 2013-லிருந்து வெளியிடுகிறார்கள், இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரு டிஸ்க் ஒரு நாள் ஓடினால் ஒரு டிஸ்க்-நாள், அதை அடிப்படையாக வைத்து வருடப் பழுது விகிதம் போடுகிறார்கள். கணக்கு மட்டுமல்ல, தினசரி மூல டேட்டாவையே யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். டிஸ்க் தயாரிக்கும் சீகேட் கம்பெனியின் 3 டிபி மாடல் ஒன்று மோசம் என்று தெரிந்ததும் இதில்தான், 2016-ல் அமெரிக்காவில் அதன் மேல் போட்ட வழக்கில்கூட இந்த எண்களைக் காட்டினார்கள். பேக்பிளேஸ் பெயரையே இந்த ரிப்போர்ட் மூலம்தான் எனக்குத் தெரியும், என்னைப் போல ஆயிரம் பேர் இருப்பார்கள்.

ஃபீல்டு சாந்தி:
டிஸ்க் செத்துப்போகும் என்ற பயத்தை வைத்துத்தானே அவர்கள் வியாபாரமே?

மடிப்பாக்கம் மணி:
அப்படியென்றால் பயமுறுத்தும் எண்ணையல்லவா போட்டிருக்க வேண்டும்? சமீப வருஷங்களில் மொத்த விகிதம் 1-லிருந்து 2 சதவீதத்துக்குள்தான் நிற்கிறது. வீட்டு உபயோக டிஸ்க்கை டேட்டா சென்டரில் போட்டுக் கசக்கினால் பழுதாகத்தான் செய்யும், இது நியாயமான சோதனை இல்லை என்று அவர்களைக் கடுமையாகத் திட்டினார்கள். திட்ட முடிந்ததே எல்லாவற்றையும் திறந்து வைத்ததால்தான்.

சேல்ஸ் பாஷா:
எனக்கு ஒரே கேள்வி. ரிப்போர்ட்டை இறக்க ஃபோன் நம்பர் கேட்பீர்களா, மாட்டீர்களா? கேட்கவில்லை என்றால் எனக்கு லீட், அதாவது வாங்கக்கூடியவரின் தொடர்பு, வராது. லீட் வராத செலவுக்கு எம்.டி. அடுத்த வருஷம் பட்ஜெட் தரமாட்டார்.

மடிப்பாக்கம் மணி:
கேட்க மாட்டேன் பாஷா. நம்பர் கேட்டால் ஆடிட்டர் படிக்க மாட்டார், நிருபர் எடுத்துப் போட மாட்டார். சிறு யூனிட் முதலாளி யார் பேச்சைக் கேட்டு சாஃப்ட்வேர் வாங்குகிறார்? ஆடிட்டர் பேச்சைத்தானே.

புள்ளியியல் வாத்தியார்:
மணி, பேக்பிளேஸ் உதாரணம் நல்லதுதான், ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டிய பாடம் வேறு. அவர்கள் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை, தங்கள் வேலையில் தானாக விழுந்த பதிவை எண்ணினார்கள். உங்களிடமும் பில் தேதி, பணம் வந்த தேதி இரண்டும் இருக்கின்றன. அப்புறம் எதற்கு சர்வே? சரியாகப் பொறுக்கி எடுத்த 400 பேரைக் கேட்டால்கூட பிழை வரம்பு மேலேயோ கீழேயோ 5 சதவீதம். அதை நான்கு மாவட்டமாகப் பிரித்து மாவட்டத்துக்கு நூறு பேர் என்று வந்தால் கிட்டத்தட்ட 10. அதை வைத்துக்கொண்டு கோவையைவிடத் திருப்பூர் மோசம் என்று ஹெட்லைன் போட்டால் அது தப்பு.

சொந்தப் பதிவிலும் ஒரு சிக்கல் உண்டு. வசூல் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுப்பவர் ஒன்று வசூலில் ரொம்ப அடிபட்டவர், இல்லை கணக்கை ஒழுங்காக வைப்பவர். அவரை வைத்துத் தமிழ்நாட்டுச் சிறு தொழில் முழுவதையும் பேசக் கூடாது. "எங்கள் வாடிக்கையாளர்களின் பில்களில்" என்று தலைப்பிலேயே இருக்கட்டும்.

ஃபீல்டு சாந்தி:
வாத்தியார் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பேக்பிளேஸின் டிஸ்க் பேக்பிளேஸுடையது, மணி சாரிடம் இருக்கும் பில்லோ வாடிக்கையாளருடையது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பீர்கள். ஓசூரில் இருசக்கர வாகன உதிரிபாகம் என்று ஒரு வரிசை போட்டாலே பணம் இழுத்தடிப்பது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆர்டரை இழப்பது நீங்கள் இல்லை, அந்த சப்ளையர்தான்.

பெரிய பெயர் இருந்தால் நம்பலாம் என்றும் இல்லை. நிர்வாகத்தில் பெண்கள், பல இனத்தவர் என்று பன்முகத்தன்மை இருந்தால் லாபம் கூடுகிறது என்று மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2015-லிருந்து வரிசையாக ரிப்போர்ட் போட்டது, உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள். எந்தெந்தக் கம்பெனிகளை எடுத்தார்கள் என்ற பட்டியல் வெளியே வரவில்லை. 2024-ல் கிரீன், ஹேண்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் எஸ் அண்ட் பி 500 என்ற அமெரிக்கப் பங்குச்சந்தைப் பட்டியலில் உள்ள பெரிய கம்பெனிகளை வைத்து அதே மாதிரி போட்டுப் பார்த்தார்கள், அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. பன்முகத்தன்மை வேண்டும் என்பவள் நான். அந்த நல்ல விஷயத்துக்கே இதனால் கெட்ட பெயர் வந்ததுதான் எனக்குக் கோபம்.

மடிப்பாக்கம் மணி:
ஓசூர் விஷயம் நியாயம். ஒரு பிரிவில் வாங்கும் கம்பெனிகள் குறைவாக இருந்தால் அதைத் தனியாகக் காட்ட மாட்டோம், வாடிக்கையாளர் எழுத்தில் சம்மதித்தால்தான் அவர் பில் கணக்கில் சேரும். அதற்காக இதை விட்டுவிட மனசு வரவில்லை. 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்தபின், குறு, சிறு யூனிட்டுக்குக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி அந்தத் தொகையைத் தந்த வருஷத்தில்தான் செலவுக் கணக்கில் காட்ட முடியும். 2024 ஏப்ரல் 1-லிருந்து அமல், ஆனால் 2023-24 நிதியாண்டின் கணக்குக்கே பொருந்தியது. அதற்கு முன்னும் பின்னும் பணம் வந்த தேதிகளை அடுக்கினால் சட்டம் வேலை செய்ததா என்று தெரியும். எம்.எஸ்.எம்.இ. என்று பதிவு செய்த யூனிட்டை விட்டுவிட்டு வேறு ஆளுக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள் என்ற புலம்பல் நிஜமா என்பதும் ஓரளவு தெரியும். பட்டறைக்காரருக்கு உண்மையிலேயே வேண்டிய தகவல் இது.

ஃபீல்டு சாந்தி:
சரி, நேராகவே கேட்கிறேன். உங்கள் சாஃப்ட்வேர் வாங்கிய பிறகும் வசூலாகும் நாள் குறையவில்லை என்று டேட்டா சொன்னால் வெளியிடுவீர்களா?

மடிப்பாக்கம் மணி:
வெளியிடுவேன். அதற்கு எம்.டி.யிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் வேலையை ஆரம்பிப்பேன்.

ஃபீல்டு சாந்தி:
எதை எண்ணப் போகிறீர்கள், எதை விடப் போகிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதையும் எண்களைப் பார்க்கும் முன்பே உங்கள் தளத்தில் போட்டுவிடுங்கள், பின்னால் யாரும் கை வைக்க முடியாது. எம்.டி. கையெழுத்துப் போடும் வரை என் ஓட்டு எதிர்ப்புத்தான்.