பைன் நாத்துக்கு குளுரு குடுக்கணும், வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே அக்காமாரே, பாளையங்கோட்டைல எம்எஸ்சி பாட்டனி படிக்கேன், குளுருல ஒளிச்சேர்க்கை எப்படி கொறையுதுன்னு புராஜெக்ட், கொடைக்கானல் மாமா மூலமா 12 பைன் நாத்து வாங்கியாந்தேன். நம்மூர்ல மார்கழியிலயே ஃபேன் போட்டுத்தான் தூங்குதோம், குளுருக்கு எங்க போக? வீட்டு ஃப்ரிட்ஜ்ல மாவுச்சட்டிய எறக்கிட்டு (அம்மா ஏசுன ஏச்சு தனிக்கதை) ராத்திரி 4 டிகிரில ஆறு நாத்த வச்சி, விடிஞ்சதும் மொட்டமாடி வெயிலுக்கு தூக்கிட்டு போயிருவேன். அஞ்சாம் நாளு பாத்தா ஊசி எல நுனியெல்லாம் நாவப்பழ கலரு. அரைமணி நேரம் இருட்டுல வச்சி ஃப்ளோரசன்ஸ் மீட்டர்ல பாத்தா எஃப்வி/எஃப்எம் (எல வெளிச்சத்த எவ்வளவு நல்லா பயன்படுத்துதுன்னு காட்டுற அளவு) 0.81ல இருந்து 0.58க்கு எறங்கிட்டு, ஃப்ரிட்ஜ்ல வைக்காத ஆறும் பழைய 0.81லயே நிக்கி.

சந்தேகம் இதான். குளுருல என்சைம் மந்தமாயிரும், ஆனா பச்சையம் வெளிச்சத்த வாங்குறத நிறுத்தாது, செலவாகாத அந்த வெளிச்சம் போட்டோசிஸ்டம் 2ஐ (ஒளிச்சேர்க்கைல வெளிச்சத்த வாங்கி வேல செய்யுற புரதக் கூட்டம்) கெடுக்கும். அப்போ இது குளுரு செஞ்ச வேலையா, நான் உடனே வெயில்ல வச்ச வேலையா? பாக்கெட் மண்ணு வேற ரொம்ப நேரம் ஜில்லுன்னே கெடக்கு, வேரு தண்ணி இழுக்கலயோ என்னவோ. நிழல்ல ஒரு செட்டு வச்சி பாக்கணும், மிச்சம் ஆறுதான் இருக்கு.

நெல்லை, தென்காசி பக்கம் வெளிச்சமும் குளுரும் கூட்டிக் கொறைக்கிற குரோத் சேம்பர் எந்த காலேஜ்லயாவது இருக்கா? ரெண்டு வாரம் கெடச்சா போதும். அம்மா மாவுச்சட்டிய திரும்ப உள்ள வச்சிட்டாவ.