உண்மையான கிளிக்கில் மட்டும் திறந்தவுடன் மூடிக்கொள்ளும் மெனு (வியூ 3)

கேள்வி:
வணக்கம். வலைப்பக்க இடைமுகங்களை அமைக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பான வியூ 3-இல் ஒரு மெனுவை எழுதியுள்ளேன். பொத்தானைக் கிளிக் செய்தால் ஒரு ரெஃப்பின் (வியூ கண்காணிக்கும் மதிப்பு) மதிப்பு மாறி, வி-இஃப் (நிபந்தனை உண்மையானால் மட்டும் காட்டும் கட்டளை) வழியாக மெனு கம்பொனென்ட் தோன்ற வேண்டும். வெளியே எங்கு கிளிக் செய்தாலும் மூடுவதற்காக, அந்தக் கம்பொனென்ட்டின் ஆன்மவுண்டட் பகுதியில் (கம்பொனென்ட் பக்கத்தில் சேர்ந்ததும் ஓடும் நிரல்) டாக்குமென்ட்டின், அதாவது முழுப் பக்கத்தின், மீது ஒரு கிளிக் லிசனரைச் (கிளிக் நிகழ்ந்தால் ஓடும் நிரல்) சேர்க்கிறேன். ஆனால் பொத்தானை அழுத்தினால் மெனு கண்ணில் படுவதே இல்லை; திறப்பதும் மூடுவதும் ஒரே கிளிக்கில் நடந்துவிடுவதாகக் கன்சோல் காட்டுகிறது. தானியங்கிச் சோதனையில் அதே பொத்தானை நிரலிலிருந்து கிளிக் செய்தாலோ மெனு திறந்தபடியே இருக்கிறது. வியூ திரையைப் புதுப்பித்து முடிக்கும்வரை காக்க வைக்கும் நெக்ஸ்ட்டிக்குக்குக் காத்திருந்து லிசனரைச் சேர்த்தும் பயனில்லை. இந்த வேறுபாடு எதனால்?

மறுமொழி 1:
வியூ உங்கள் மாற்றத்தை உடனே திரையில் எழுதுவதில்லை. வரிசையில் வைத்து, ஒரு மைக்ரோடாஸ்க்கில் (ஓடும் நிரல் முடிந்ததும் உடனே செய்யப்படும் சிறு பணி) மொத்தமாகச் செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டின் அழைப்பு அடுக்கு (இன்னும் ஓடி முடியாத செயற்கூறுகளின் பட்டியல்) காலியானவுடன் மைக்ரோடாஸ்க்குகள் ஓடிவிடும். பயனர் விரலால் அழுத்தும்போது, பொத்தானின் லிசனர் முடிந்ததும் அடுக்கு காலியாகிறது. அதே கிளிக் பொத்தானிலிருந்து அதைச் சூழ்ந்த உறுப்புகள் வழியாக மேல்நோக்கி டாக்குமென்ட்டை எட்டுவதற்கு முன்பே மெனு உருவாகி, உங்கள் லிசனரும் சேர்ந்துவிடுகிறது. பிறகு அங்கு வந்துசேரும் அந்தப் பழைய கிளிக்கே மெனுவை மூடுகிறது. சோதனையில் கிளிக்கை எழுப்பிய உங்கள் நிரல் இன்னும் அடுக்கில் இருப்பதால், நிகழ்வு முழுவதும் மேலேறி முடிந்த பின்னரே மைக்ரோடாஸ்க் ஓடுகிறது. நெக்ஸ்ட்டிக்கும் மைக்ரோடாஸ்க்தான் என்பதால் அது உதவாது.

இதே சிக்கலை வியூவை உருவாக்கியவர்களும் சந்தித்தார்கள். 2017-இல் வந்த 2.5 பதிப்பில், வி-ஆன் (வியூவின் வார்ப்புருவில் லிசனர் சேர்க்கும் கட்டளை) கையாளிகளில் நேரும் மாற்றங்களை மேக்ரோடாஸ்க்குக்குத் (மைக்ரோடாஸ்க்குகளுக்குப் பிறகு தனியே ஓடும் பணி) தள்ளினார்கள். அது வேறு கோளாறுகளைக் கொண்டுவந்ததால், 2019-இல் 2.6 பதிப்பில் மைக்ரோடாஸ்க்குக்கே திரும்பி, லிசனர் சேர்க்கப்படுவதற்கு முன் தோன்றிய நிகழ்வை நேரமுத்திரையால் கண்டறிந்து புறக்கணிக்கச் செய்தார்கள். வியூ 3-இலும் அத்தகைய பாதுகாப்பு உண்டு. ஆனால் அது வி-ஆன் வழியாகச் சேர்த்தவற்றுக்கு மட்டுமே, நீங்கள் நேரடியாக டாக்குமென்ட்டில் சேர்த்ததற்கு அல்ல.

மறுமொழி 2:
பொத்தானின் கிளிக்கில், நிகழ்வு மேலேறாமல் நிறுத்தும் ஸ்டாப் மாடிஃபையரைச் சேர்த்தால் போதுமே? நான் அப்படித்தான் செய்துவருகிறேன்.

மறுமொழி 1:
அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கிளிக் மேலே செல்லாததால், பக்கத்தில் ஏற்கெனவே திறந்திருக்கும் மற்றொரு மெனு தனக்கு வெளியே கிளிக் நிகழ்ந்ததை அறியாமல் திறந்தே கிடக்கும். நிரலைச் சற்றுத் தாமதித்து ஓட்டும் செட்டைம்அவுட்டில் லிசனரைச் சேர்ப்பது வேலை செய்யும்; ஆனால் அதற்குள் கம்பொனென்ட் நீக்கப்பட்டால் டைமரை ரத்துசெய்ய மறக்கக் கூடாது, இல்லையேல் லிசனர் அநாதையாக எஞ்சிவிடும். என் தேர்வு, லிசனரைக் கேப்சர் கட்டத்தில் (நிகழ்வு மேலேறும் முன், டாக்குமென்ட்டிலிருந்து பொத்தானை நோக்கிக் கீழிறங்கும் கட்டம்) சேர்ப்பதுதான். அந்தக் கிளிக் டாக்குமென்ட்டின் கேப்சர் கட்டத்தை ஏற்கெனவே கடந்துவிட்டதால், புதிய லிசனரை அது எழுப்பாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. கேப்சர் முறையில் மெனு திறந்து நிற்கிறது. ஆனால் திறந்திருக்கும்போது பொத்தானை மீண்டும் அழுத்தினால், கேப்சர் லிசனர் முதலில் மூட, பொத்தானின் கையாளி மதிப்பைப் புரட்டி மறுபடி திறந்துவிட்டது. கிளிக் பொத்தானுக்குள்ளோ மெனுவுக்குள்ளோ நிகழ்ந்திருந்தால் லிசனர் எதுவும் செய்யாமல் திரும்பும்படி மாற்றிய பிறகு, விரலால் அழுத்தினாலும் சோதனையில் ஓட்டினாலும் ஒரே முடிவு வருகிறது.