அல்போன்சா மாங்காயை சி.ஏ. ரூமில் நிறுத்தினால் தாங்குமா?

கேள்வி (போச்சம்பள்ளி): சீசன் உச்சத்துல மண்டியில விலை விழும்போது அல்போன்சாவை 25 நாள் நிறுத்திப் பார்க்கணும். சாதா கோல்டு ஸ்டோரேஜ்ல 8 டிகிரியில 20 நாள் வச்ச காய், வெளியே எடுத்த மூணாம் நாள் தோல் சாம்பல் பூத்து, குழி விழுந்துடுச்சு. பழுத்தும் மணமே இல்ல. சி.ஏ. ரூம்ல (ஆக்சிஜனைக் குறைச்சு, கார்பன் டை ஆக்சைடை ஏத்தி வைக்கிற, காத்துப் புகாத குளிர் அறை) வச்சா சரியாகுமா?

பதில் 1: அது குளிர் அடிச்ச காய்ங்க. ஆப்பிள் 0 டிகிரியில உட்காரும், மாங்காய்க்கு 13 டிகிரி வேணும். 10க்குக் கீழே போனா உள்ளே இருக்கும்போது ஒண்ணும் தெரியாது, வெளியே வந்தாதான் காட்டிக்கொடுக்கும். முதல்ல டிகிரியைச் சரிபண்ணுங்க, வாயு அதுக்கப்புறம்.

காத்துல 21 சதவீதம் இருக்கிற ஆக்சிஜனை 3 முதல் 5க்கு இறக்கி, கார்பன் டை ஆக்சைடை 5 பக்கம் வச்சா காய் மெதுவா மூச்சு விடும், எத்திலீன் (காயே விடுற, பழுக்க வைக்கிற வாயு) குறையும், கெட்டித்தன்மை நிக்கும். ஆக்சிஜன் 2க்குக் கீழே போனா புளிச்ச சாராய வாடை. கார்பன் டை ஆக்சைடு 10ஐத் தாண்டினா சதை சாம்பலாகும், தோல் நிறம் ஏறாது. எல்லாம் ஒழுங்கா நடந்தாலும் சாதா குளிர் அறையைவிட ஒண்ணு ரெண்டு வாரம்தான் கூடக் கிடைக்கும். ஆப்பிள் கணக்கை இதுல போடாதீங்க.

பதில் 2: பிஞ்சை உள்ளே வச்சா பிஞ்சாத்தான் வெளியே வரும். தண்ணியில போட்டு மூழ்குற காயை மட்டும் எடுங்க. பாலை வடிய விட்டு, 52 டிகிரி வெந்நீர்ல 5 நிமிஷம் முக்கி, ஆறவச்சு ஏத்துங்க. கரும்புள்ளி நோயை வாயு கொல்லாது. கிரேட்ல ஒரு பழுத்த காய் இருந்தா, அதோட எத்திலீன் பக்கத்துக் காய்களையும் பழுக்க வச்சிடும். ரூம்ல இருந்து எடுத்தபிறகு பழுக்க வைக்க 20-22 டிகிரியில, 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு) எத்திலீன்ல 24 மணி நேரம். கார்பைட் கல் தடை, கிட்டவே போகாதீங்க.

பதில் 3: கதவைத் திறந்தா வாயு போச்சு. அதனால ஒரே தடவை நிரப்பி ஒரே தடவை காலி பண்ணணும். தினம் பத்து கிரேட் எடுக்கிறவருக்கு இது ஒத்துவராது. கூழ் ஃபேக்டரிக்குப் போற பெங்களூரா ரக மாங்காய்க்கு இந்தச் செலவே வேண்டாம். கசிவு பெரும்பாலும் கதவு ரப்பர்லயும் பைப் நுழையிற ஓட்டையிலயும்தான்.

வாயு இருக்கும்போது ரூமுக்குள்ள ஆளை மட்டும் எட்டிப் பார்க்கக்கூட விடாதீங்க. 5 சதவீத ஆக்சிஜன்ல ஒரு நிமிஷத்துக்குள்ள மயக்கம் போட்டுடும், கூப்பிடவும் நேரம் இருக்காது. ஃபேன் ஓடி ஆக்சிஜன் மீட்டர் 20.9 காட்டினபிறகுதான் உள்ளே.

கேள்வி கேட்டவர்: அட்டைப்பெட்டியில பாலித்தீன் விரிச்சு மூடினா இதே வேலை ஆகாதா?

பதில் 1: 13 டிகிரியில, ஓட்டை போட்ட உறைன்னா ஓரளவு. ஓட்டையில்லாம வெளி வெயில்ல ஒரு நாள் நின்னா பெட்டியோட புளிச்சிடும்.