மறுமொழி: தொலைச்சாவியின் ‘அதியுணர்வு’ வேண்டாம், ‘அமுங்கல்’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கார் சாவியின் பொத்தான் எதன்மீதாவது லேசாகப் பட்டாலே கதவு திறந்துகொள்கிற தொல்லைக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடலாடலில் ‘அதியுணர்வு’, ‘மிகை உணர்திறன்’, ‘தொட்டாற்சிணுங்கித்தனம்’ என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. ரிமோட் சாவிக்குத் ‘தொலைச்சாவி’ என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். தொலைபேசி, தொலைக்காட்சி வரிசையில் அது இயல்பாக நிற்கிறது, எனக்கும் சம்மதம். ஆனால் இந்த மூன்று சொற்களில் ஒன்றைக்கூட என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மூன்றுமே சாவி எதையோ உணர்வதாகச் சொல்கின்றன. சாவி எதையும் உணர்வதில்லை.

அதைப் பிரித்துப் பார்த்தால் மேலே ஒரு ரப்பர் உறை, அதன் அடியில் மிகச் சிறிய சுவிட்சு. சுவிட்சுக்குள் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கும். போதிய விசை கிடைத்ததும் அது ‘டிக்’கென்று உள்வாங்கி மின்சுற்றை இணைக்கும். உடனே சாவி வானொலி அலையில் ஒரு குறியீட்டை அனுப்பிவிடும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ். இந்தச் சுவிட்சுகள், உள்வாங்கத் தேவையான விசையைப் பொறுத்து, ஏறத்தாழ 1 நியூட்டன் முதல் 2.5 நியூட்டன் வரை வெவ்வேறு தரங்களில் கிடைக்கின்றன. 1 நியூட்டன் என்பது ஏறத்தாழ 100 கிராம் எடையை அதன்மேல் வைப்பதற்குச் சமம். உணர்திறன் என்று ஒன்று இந்த ஏற்பாட்டில் உண்டென்றால், அது காருக்குள் அலையை வாங்கிக்கொள்ளும் ஏற்பியினுடையது (ரிசீவர்): எவ்வளவு நலிந்த அலையை அதனால் பிடிக்க முடிகிறது என்பது. அது கூடினால் வண்டி இன்னும் தூரத்திலிருந்து திறக்கும். நம் புகார் அதுவல்லவே.

சொல் பிழைத்தால் பழுதுபார்ப்பும் பிழைக்கும் என்பதை எங்கள் வீட்டுச் சாவியிலேயே பார்த்தோம். பணிமனையில் புகார்ச் சீட்டில் ‘ரிமோட் சென்சிட்டிவ்’ என்று எழுதிக்கொண்டார்கள். அதைப் படித்தவர் உள்ளிருந்த சிஆர்2032 பேட்டரியை மாற்றிக் கொடுத்துவிட்டார். புதுப் பேட்டரி போட்டதும் அலை வலுத்தது. முன்பு மாடியிலிருந்து எட்டாத வண்டி இப்போது மாடியிலிருந்தும் திறந்துகொண்டது. பிறகு கைக்கடிகாரமும் சாவியும் பழுதுபார்க்கும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனோம். அவர் சாவியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பூட்டுப் படம் போட்ட இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். பூட்டும் பொத்தானில் ரப்பர் தடிப்பாக இருந்தது. திறக்கும் பொத்தானில் படமே அழிந்து, ரப்பர் நைந்து, அடியிலிருந்த சுவிட்சின் வட்டம் தெரிந்தது. “பட்டன் இளகிவிட்டது, அதனால்தான் அமுங்குகிறது” என்றார். நமக்கு வேண்டிய இரண்டு சொற்களும் அந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

அமுக்கு – அமுங்கு. அடக்கு – அடங்கு, முடக்கு – முடங்கு, ஒடுக்கு – ஒடுங்கு போன்ற இணை இது. ஒருவர் வேண்டுமென்று செய்தால் அமுக்குகிறார். யாரும் நினைக்காமல் நடந்தால் அமுங்குகிறது. யார் செய்தது என்ற கேள்விக்கே இடமில்லாத வினைச்சொல் நம் கையில் தயாராக இருக்கும்போது, ‘தவறான அழுத்தம்’, ‘தற்செயல் அழுத்தம்’ என்று அடைமொழி தேடுவது வீண் வேலை. ‘அழுத்தம்’ ஏற்கெனவே இரத்த அழுத்தம், காற்றழுத்தம், மன அழுத்தம் என்று எத்தனையோ சுமைகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

என் முன்மொழிவு இதுதான். வேண்டுமென்று செய்வது ‘அழுத்தல்’, தானாக நேர்வது ‘அமுங்கல்’. பொத்தான் வேலை செய்யத் தேவையான விசை ‘அமுங்குவிசை’. நைந்துபோய் அந்த விசை குறைந்த நிலை ‘இளக்கம்’. புகார்ச் சீட்டில் ‘திறப்புப் பொத்தான் இளக்கம், அடிக்கடி அமுங்கல்’ என்று எழுதியிருந்தால் யாரும் பேட்டரியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

புழக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் தந்தை சாவியை வேட்டி மடியில்தான் செருகுவார். மேலூரில் ஒரு திருமணப் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்ததும் மடிப்புக்குள் பொத்தான் அமுங்கி, வெளியே தெருவில் நின்ற வண்டியின் டிக்கி திறந்துகொண்டது. “ஐயா, உங்கள் வண்டி டிக்கி திறந்து கிடக்கிறது” என்று ஒருவர் வந்து சொல்லும்வரை சாம்பார் சாதத்தில் இருந்தார். கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் சாவி சிக்கினால் இன்னும் மோசம். சில வண்டிகளில் திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் எல்லாக் கண்ணாடிகளும் இறங்கிவிடும். கதவு திறந்து யாரும் ஏறாவிட்டால் சற்று நேரத்தில் வண்டி தானே பூட்டிக்கொள்ளும். கண்ணாடியைத் தானே ஏற்றிவிடும் என்று நம்ப முடியாது. ஐப்பசி மழையில் இருக்கை முழுதும் நனைந்த பிறகுதான் தெரியவரும். இங்கே ‘அழுத்திப் பிடித்தல்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக ‘அமுங்கிக் கிடத்தல்’ எவ்வளவு பொருத்தமாக வந்து உட்காருகிறது பாருங்கள்.

‘வண்டி திறக்காவிட்டால் அது அமுங்கலே இல்லையே’ என்று யாரேனும் கேட்கலாம். அதுவும் அமுங்கல்தான். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று தல்லாகுளத்திலிருந்து வைகைக்கரை வரை நெரிசலில் நடப்பவரின் சட்டைப்பையில் சாவி எத்தனை முறை அமுங்கும் என்று சொல்ல முடியாது. வண்டி எங்கோ தொலைவில் நிற்பதால் திறக்காது. ஆனால் சாவிக்குள் அழுத்தல்களை எண்ணும் ‘எண்ணி’ (கவுண்ட்டர்) ஒவ்வொரு முறையும் ஒன்று கூடும். திருடர் குறியீட்டைப் பதிவுசெய்து மீண்டும் அனுப்பாமலிருக்க ஒவ்வோர் அழுத்தலுக்கும் குறியீடு மாறுகிறது; இதற்கு ‘மாறுகுறி’ என்று வைக்கலாம். பரவலாகப் புழங்கிய கீலாக் என்ற மாறுகுறி முறையில், வண்டி கடைசியாக ஏற்ற எண்ணைவிடச் சாவி 16 எண்கள் வரை முந்தியிருந்தாலும் வண்டி ஏற்கும். அதற்கும் மேல் போய்விட்டால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்திய பிறகே சாவியும் வண்டியும் ஒத்துப்போகும். திருவிழா முடிந்து வந்து முதல் அழுத்தலுக்கு வண்டி அசையாமல் நின்றால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

‘தொட்டாற்சிணுங்கி’ அழகான சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தொட்டால் மூடிக்கொள்ளும். நம் சாவியோ திறந்துவிடுகிறது. பேச்சில் அது சட்டென்று முகம் சுருங்குகிற மனிதர்களுக்கு உரிய சொல்லாகவும் ஆகிவிட்டது. அவர்களிடமே இருக்கட்டும்.

‘மிகை உணர்திறன்’ என்பதையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொட்டாலே திறக்கும் வண்டிகள் வந்துவிட்டன. அவற்றின் கைப்பிடியில் இருப்பது உண்மையான தொடுவுணரி. சாவி அருகில் இருக்கும்போது கைப்பிடியில் தண்ணீர் பட்டால், விரல் பட்டதாக எண்ணி அது திறந்துவிடக்கூடும். வாசலில் வண்டி கழுவும்போது சாவியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அங்கே உணர்வதற்கு ஒரு பொருள் இருக்கிறது, அது மிகையாகவும் உணர்கிறது. அந்தச் சொல்லை அதற்கு ஒதுக்குவோம்.

‘இளக்கம்’ மட்டும் எனக்குச் சற்று உறுத்துகிறது. மனம் இளகுவதையும் வெல்லப்பாகு இளகுவதையும் அது நினைவூட்டலாம். ‘நைவு’ என்றால் ரப்பருக்குப் பொருந்தும், உலோகத் தகட்டின் தளர்ச்சிக்குப் பொருந்தாது. கைபேசி பழுதுபார்ப்பவர்கள், தையல் இயந்திரம், மிக்சி பழுதுபார்ப்பவர்கள் இந்த நிலையை உங்கள் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து