பேச்சே நின்றுபோன இரு தரப்பை எப்படி உட்கார வைப்பது?

நீரோடை: ஒரே குடியிருப்பில் இரு தரப்பு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொதுக்கூட்டம் போட்டால் பழைய சண்டைதான் கிளம்புகிறது. கையேடுகள் ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. எத்தனை பேர், யார் நடத்துவது, எதில் தொடங்குவது?

திண்ணை: பொதுக்கூட்டம் வேண்டாம். மைக் கிடைத்தவர் எதிரே இருப்பவரிடம் பேசமாட்டார், தன் ஆட்களின் கைதட்டலுக்குப் பேசுவார்.

முதலில் இரு தரப்பையும் தனித்தனியாக, இரண்டு முறையாவது பாருங்கள். எதைப் பேசினால் எழுந்து போய்விடுவார்கள், யார் வந்தால் வாய் திறக்கமாட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தரப்புக்கு ஆறு பேர். முன்னணித் தலைவர்கள் வேண்டாம். நாற்காலிகள் வட்டமாக, இரு தரப்பும் மாறி மாறி. நடத்த இருவர், பக்கத்துக்கு ஒருவர்.

ஒரு பொருள் கைமாறி வரட்டும். அதை வைத்திருப்பவர் மட்டும் இரண்டு நிமிடம் பேசலாம். விருப்பமில்லாதவர் அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். ஒரு சுற்றுக்கு 24 நிமிடம், மூன்று சுற்றுடன் நிறுத்துங்கள். முதல் கேள்வி: ‘இங்கே பிள்ளைகளுக்கு எது மாற வேண்டும்?’ ‘யார் ஆரம்பித்தது’ என்பதை முதல் இரண்டு அமர்வுகளில் எடுக்கவே கூடாது. பதிவு, படம் எதுவும் கூடாது. வெளியே போகும் என்று தெரிந்தால் யாரும் இறங்கிவந்து பேசமாட்டார்கள். மன்னிப்பைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

கல்தூண்: பேச்சோடு வேலையும் வேண்டும். 1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீஃப் சிறுவர்களை இரு குழுவாக்கி, போட்டிகளில் மோதவிட்டு ஆராய்ந்தார். சேர்ந்து சாப்பிட வைத்தும் பகை தணியவில்லை, சாப்பாட்டை வீசிக்கொண்டார்கள். தண்ணீர் வராததைச் சரிசெய்வது, நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது என ஒரு குழுவால் மட்டும் முடியாத வேலைகள் அடுத்தடுத்து வந்தபிறகே தணிந்தது.

இரு தரப்பு பழகும்போது பகை குறைய எவை வேண்டும் என்று அதே ஆண்டு உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் சொன்னவை: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, பொறுப்பில் இருப்போரின் ஆதரவு. முதலில் நழுவுவது சம அந்தஸ்துதான். ஒரு தரப்பு பணம் போட்டு மறு தரப்பு உடலுழைத்தால் பழைய மேல்கீழ் அப்படியே இருக்கும். பணத்தையும் உழைப்பையும் முடிவெடுப்பதையும் சரிபாதியாக்குங்கள்.

நீரோடை: மறுநாளே வாட்ஸ்அப்பில் வதந்தி வந்தால்?

திண்ணை: வருவதற்கு முன்பே தரப்புக்கு இருவராக நால்வரைச் சரிபார்க்க நியமியுங்கள். செய்தி வந்ததும் ‘பார்த்துவிட்டோம், விசாரிக்கிறோம்’ என்று உடனே போட வேண்டும். பதில் வராத மௌனத்தில்தான் வதந்தி வளரும். பக்கத்துக்கு ஒருவராகச் சேர்ந்தே இடத்துக்குப் போய், இருவர் பெயரிலும் ஒரே வாசகத்தை இரு குழுக்களிலும் போடட்டும். நடந்தது முதல் வரியில் வரட்டும். பொய்யான படத்தை மறுப்பதற்காகக்கூட மறுபடி அனுப்பக் கூடாது. படம் மட்டும் தனியாகப் பரவிவிடும்.