கோறி எடுத்ததை என்ன செய்தனி?

குறூப்: எங்கட வீடு

*செவ்வாய்*

19:42 கவி: ஆதியின்ர கின்டர்கார்ட்டனில இருந்து கடிதம் வந்திருக்கு. நாளைக்குப் பின்னேரம் தாயோ தேப்பனோ ஒராள் வரவேணுமாம். கரண்டி, தோல் சீவி, பிஸ்கற் அச்சு கொண்டரட்டாம். றேபெ அவையே தருவினமாம். ஆராவது முந்திச் செய்தனீங்களோ?

19:44 அக்கா பேர்ண்: உனக்கும் வந்திட்டுதோ 😂 மூத்தவனுக்குச் செய்து என்ர ரெண்டு விரலிலயும் பிளாஸ்ரர்

19:45 அம்மா: என்ன பிள்ளை அது றேபெ

19:46 கவி: 📷 படம்

19:47 அம்மா: இது நோக்கோல் எல்லோ

19:49 கவி: இல்லையம்மா, நோக்கோல் மண்ணுக்கு மேல வரும். இது மண்ணுக்குள்ள விளையிற கிழங்கு. மேல் பாதி ஊதா, கீழ்ப் பாதி வெள்ளை. உள்ளுக்கை கோறி மெழுகுதிரி வைச்சு, கயித்தில தூக்கிக்கொண்டு இஞ்ச சுவிஸில பிள்ளையள் இருட்டுக்கை பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போவினம். வியாழக்கிழமை எங்கட பக்கம்.

19:50 அம்மா: சாப்பிடுற சாமானிலயோ விளக்கு

19:51 அண்ணா பாசல்: நாங்களும் விளக்கீட்டுக்குச் சிரட்டையில கொளுத்தினாங்கள் தானே அம்மா

19:51 அம்மா: அது தேங்காயைத் துருவி எடுத்த பிறகு

19:52 அக்கா பேர்ண்: 😂😂😂

19:58 மது: மாமி நான் சொல்லுறன், வேற ஒருத்தரையும் கேக்காதேங்கோ. முதல் மேல் பக்கத்தை மூடி மாதிரி வெட்டுங்கோ. பிறகு கரண்டியால கோறுங்கோ. சுவர் ஒரு சென்ரிமீற்றரை விட மெல்லிசா வரவேணும். கூடக் கோறினா உடையும், குறையக் கோறினா வெளிச்சம் வராது. இடைக்கிடை போன் லைற்றை உள்ளுக்கு விட்டுப் பாருங்கோ.

19:59 மது: அச்சைத் தோலில அமத்தி, அந்த ஊதாத் தோலை மட்டும் சீவி எடுங்கோ. துளைக்கப்படாது!! ஹலோவீன் பூசணி இல்லை இது. வெள்ளைச் சதைக்குள்ளால வெளிச்சம் கசியிறதுதான் வடிவு.

20:00 மது: மூடியில ஓட்டை போடுங்கோ. இல்லாட்டி கருகி மணக்கும் 🤢

20:03 கவி: நன்றியடி மது. இது ஏன் செய்யினம் எண்டு தெரியுமோ? ஆதி கேட்டவன், நான் முழுசினன்.

20:06 மது: அறுவடை முடியிற காலம் தானே மாமி. தோட்டத்தில கடைசியாக் கிண்டுற மரக்கறி இதுதானாம். பெரிசாப் பாக்கவேணுமெண்டா சூரிச் ஏரிக்கரை றிக்டர்ஸ்வில்லுக்குப் போங்கோ. நவம்பர் மாசம் ரெண்டாம் சனி. 20 தொன்னுக்கு மேல றேபெ கோறுவினம். வீட்டு யன்னல், கடை வாசல் எல்லாம் றேபெ. தெரு லைற்றையும் நிப்பாட்டிப் போடுவினம்.

20:08 அண்ணா பாசல்: லைற் நிப்பாட்டுறதெண்டா பாசல் கார்னிவல்தான்!

20:08 அக்கா பேர்ண்: தொடங்கியாச்சு

20:13 அண்ணா பாசல்: கேளுங்கோவன். நான் வந்த புதுசு. கிறிஸ்தவற்ற தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள், விடிய 4 மணி. பழைய நகரம் முழுக்கப் பட்டெண்டு இருட்டு. எனக்கு ஊரில கரண்ட் போன மாதிரிக் கிடந்தது. அந்த இருட்டுக்கை மோர்கெஸ்ட்றைஹ் எண்டு ஊர்வலம் தொடங்கச் சொல்லி ஒரு சத்தம். எல்லாப் பக்கத்தாலயும் ஒண்டா மேளமும் சின்னப் புல்லாங்குழலும். ஆளை விடப் பெரிய கூடு விளக்குகள் ஆடி ஆடி வருது. உடம்பு சிலிர்த்துப் போச்சு. அதில இருந்து 72 மணித்தியாலம். வியாழன் விடிய 4 மணிக்கு முடிஞ்சா முடிஞ்சதுதான்.

20:14 மது: அப்பா, விக் போட்ட கதையையும் சொல்லுங்கோ

20:16 அண்ணா பாசல்: ஓம் ஓம். பார்ட்டி எண்டு நினைச்சு, பச்சை விக்கோட, முகத்துக்கும் பெயின்ற் பூசிக்கொண்டு போட்டன். பாசலில பாக்க வாற ஆக்கள் வேசம் போடக்கூடாது. ஒருத்தரும் சொல்லேல்லை. பிளாகெற்றெ எண்டு ஒரு சின்னம் வாங்கிச் சட்டையில குத்தவேணும், அதுவும் இல்லை. மத்தியானம் ஒரு பெரிய மூக்கு முகமூடிக்காரன் என்ர கொலருக்குள்ள ஒரு பை கடதாசித் துண்டு கொட்டினான். ஒரு கிழமை குளியலறையில துண்டு பொறுக்கினன்.

20:17 மது: கடதாசித் துண்டு இல்லை அப்பா, றேப்லி. அதுவும் ஒரு பையில ஒரே நிறம்தான் இருக்கவேணும். கலந்திருந்தா நிலத்தில கூட்டி அள்ளினது எண்டு அர்த்தம்

20:18 அம்மா: றேபெயும் றேப்லியும் ஒண்டோ

20:18 மது: இல்லை அப்பம்மா 😭

20:20 அண்ணா பாசல்: அந்தக் குளிருக்கை மா சூப் தருவாங்கள் அம்மா. கோதம்ப மாவை மண்ணிறம் வர வறுத்துக் காய்ச்சி, மேல சீஸ் தூவி.

20:21 அம்மா: மா வறுக்க அவைக்கும் தெரியுமோ

20:25 அக்கா பேர்ண்: எங்கட வெங்காயச் சந்தையை மறந்திட்டியள். நவம்பர் மாசம் நாலாம் திங்கள், விடியக் காலமையே சனம். வெங்காயத்தைப் பின்னல் பின்னி, காஞ்ச பூவும் செருகித் தொங்க விட்டிருப்பினம். 1405இல பேர்ண் எரிஞ்சபோது உதவினதுக்கு பக்கத்து நகரம் ஃப்றிபூர்க் ஆக்களுக்குச் சந்தையில விக்கக் குடுத்த உரிமை எண்டு ஒரு கதை. அது பிறகு கட்டின கதையாம். உண்மையா 19ஆம் நூற்றாண்டிலதான் வெங்காயம் கொண்டந்து வித்தவையாம். எனக்கு அந்த எரிஞ்ச கதைதான் பிடிச்சிருக்கு.

20:26 அக்கா பேர்ண்: கவி, பின்னல் ஒண்டு வாங்கி வைக்கட்டோ?

20:27 கவி: ரெண்டு

*புதன்*

17:55 கவி: 📷 படம்

17:56 அக்கா பேர்ண்: அது நட்சத்திரமோ நண்டோ

17:57 கவி: நட்சத்திரம்தான். பக்கத்தில இருந்த சுவிஸ் தேப்பன் ஒராள் றயில் வண்டியே செதுக்கி வைச்சிருந்தார். என்னட்டை வந்து, நீங்கள் நல்லாக் கோறுறியள் எண்டார். தேங்காய் துருவின கை எண்டு டொச்சில எப்பிடிச் சொல்லுறது?

17:58 மது: மாமி, வியாழன் வரைக்கும் ஈரத் துணியால மூடி பல்கனியில வையுங்கோ. உள்ளுக்கை வைச்சாச் சுருங்கிப் போடும்

18:02 அம்மா: கோறி எடுத்ததை என்ன செய்தனி

18:03 கவி: எல்லாரும் குப்பையில போட்டவை. நான் பையில கட்டிக்கொண்டு வந்திட்டன் 🙈

18:04 அம்மா: அது கைக்கும். உப்புப் போட்டுப் பிழி. தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு வறை வறு

*வியாழன்*

20:31 கவி: 🎥 வீடியோ

20:33 அண்ணா பாசல்: முன்னுக்கு நிக்கிறது ஆதியோ! வளந்திட்டான்

20:34 அக்கா பேர்ண்: விளக்கு அணையேல்லையோ?

20:35 கவி: ரெண்டு தரம். மழைத் தூறல். கடைசிப் பத்து நிமிசம் ரீச்சர் எல்லாருக்கும் பொத்தான் அமத்துற சின்ன லைற் தந்தவ. ஆதி வேண்டாமாம், மெழுகுதிரிதான் வேணுமாம்.

20:36 அம்மா: வறை எப்பிடி

20:38 கவி: நானும் இவரும் சாப்பிட்டம். ஆதி தன்ர விளக்கைச் சமைச்சிட்டம் எண்டு அழுதிட்டான். பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய் விளக்கைக் காட்டின பிறகுதான் ஓய்ஞ்சவன்.

20:39 அம்மா: பாவம் பிள்ளை

20:39 அம்மா: உப்புப் போட்டுப் பிழிஞ்சனியோ