புதுப்பிப்பு: தவிடு தின்னும் குதிரையின் நொண்டல்

மெரினாவில் சவாரி போகும் மாமாவின் குதிரை கால் மாற்றி மாற்றி நொண்டுகிறது, கோதுமைத் தவிடுதான் முக்கியத் தீனி என்று முன்பு எழுதியிருந்தேன். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டார். சந்தேகம் தவிட்டின் மேல்தான். தவிட்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் ஏறக்குறைய 10 மடங்கு. இந்தக் கால்சியக் குறையை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். முற்றினால் முக எலும்பே வீங்கும். (ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே தெரியலாம், ஏமாறாதீர்கள்.) கம்பு நேப்பியர் என்ற தீவனப் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற பொருளும் கால்சியத்தை உடலில் சேரவிடாமல் கட்டிப்போடும்.

"கொள்ளு போதாதா?" என்று கேட்டவர்களுக்கு: அது மட்டும் இந்தக் கால்சியம்-பாஸ்பரஸ் கணக்கை நேராக்காது. தவிட்டைக் குறைத்து, கால்சியம் நிறைந்த தீவனமான குதிரைமசாலும் மருத்துவர் சொன்ன அளவில் கால்சியம் கார்பனேட் தூளும் தருகிறோம். வியர்வையில் உப்பு போகுமே, அதற்கு உப்புக்கட்டி தனி.

நொண்டல் குறைந்திருக்கிறது, போகவில்லை. எலும்பு தேற மாதக்கணக்காகும்; அதுவரை சவாரி கிடையாது. மாமா புலம்பிக்கொண்டிருக்கிறார்.